வார்னிஷ் அடித்ததும் சிப்பாய்கள் வெளுத்துவிட்டார்கள், அவசரம்!

மலைப்பாதை: 28 மி.மீ. உயர மதராஸ் சிப்பாய் பொம்மைகள், மொத்தம் 16. ஒன்றரை மாத உழைப்பு. நேற்று வார்னிஷ் அடித்தேன். இன்று காலை சிவப்புச் சட்டையெல்லாம் மாவு பூசியது போல இருக்கிறது. நெற்றியில் நான் தீட்டிய திருநீறு எது, வெளுப்பு எது என்றே தெரியவில்லை. ஞாயிறன்று நண்பர் செய்த சங்ககிரிக் கோட்டை மாதிரியில் இவர்களை நிறுத்த வேண்டும். உடனே வழி சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி: எந்த வார்னிஷ்? ஸ்ப்ரேயா, தூரிகையா? மேட் (பளபளப்பற்ற) வகையா, பளபளப்பு வகையா? எங்கே வைத்து அடித்தீர்கள்?

சூரமங்கலம்: வண்ணத்தைக் கரைக்க எந்தத் தண்ணீர்? சேலத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும். நான் வடிநீர் தவிர எதையும் தொடுவதில்லை.

அஸ்தம்பட்டி: தண்ணீர்க் குறை என்றால் வண்ணம் காய்ந்தபோதே தெரிந்திருக்கும். இது வார்னிஷுக்குப் பின் வந்தது.

மூத்ததூரிகை: தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். வார்னிஷ் என்பது கடைசி நிமிட வேலை அல்ல. டப்பாவை எவ்வளவு நேரம் குலுக்கினீர்கள்? இரண்டு நிமிடமாவது குலுக்காவிட்டால், மேட் தன்மை தரும் தூள் அடியில் தங்கி, பிறகு கட்டியாக வரும்.

மலைப்பாதை: மேட் ஸ்ப்ரே. நன்றாகக் குலுக்கினேன். வீட்டு வராந்தாவில், மாலை ஆறு மணி.

அஸ்தம்பட்டி: வீடு எங்கே?

மலைப்பாதை: ஏற்காடு.

அஸ்தம்பட்டி: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நண்பரே! மாலை ஆறு மணிக்கு மஞ்சு (மூடுபனி) இறங்கியிருக்கும். ஈரக் காற்றில் வார்னிஷ் காயும்போது ஈரம் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது; அதுதான் வெளுப்பு. வண்ணம் கெடவில்லை, பயப்படாதீர்கள். பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாக ஒரு கை பூசுங்கள். மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பை அது நிரப்பும், நிறம் திரும்பும். முதலில் ஒரே ஒரு சிப்பாயில் செய்து பாருங்கள். ஒரு நாள் காயவிட்டு, காய்ந்த காற்றில் மேட் அடியுங்கள். ஓர் அடி தூரம், மெல்லிய பூச்சு.

சூரமங்கலம்: ஆலிவ் எண்ணெய் தடவினாலும் தெளியும் என்பார்கள். தேங்காய் எண்ணெய் முயலலாமே?

அஸ்தம்பட்டி: ஏற்காட்டுக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து, அதுவே வெள்ளையாக நிற்கும். எண்ணெய்ப் பசைமேல் அடுத்த வார்னிஷும் சரியாகப் பிடிக்காது.

மூத்ததூரிகை: வெளுப்பு இருக்கட்டும். திருநீறு என்றீர்களே, அது பிழை. கும்பினிச் (கிழக்கிந்தியக் கம்பெனி) சிப்பாய்க்கு நெற்றிக்குறி தடை. அழித்துவிடுங்கள்.

கோட்டைவாசல்: ஐயா, தம்பி எந்த ஆண்டுப் படையைத் தீட்டுகிறார் என்று கேட்டீர்களா?

மலைப்பாதை: 1792. பாரமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கும்பினி கைக்கு வந்த ஆண்டு.

கோட்டைவாசல்: அப்படியானால் திருநீறு இருக்கலாம். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற விதிகளெல்லாம் மதராஸ் படைத் தளபதி கிராடக் காலத்தவை. அவற்றால் மூண்ட கொதிப்புதான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்தது.

மூத்ததூரிகை: அதற்கு முன்பும் அணிவகுப்பில் கட்டுப்பாடு இருந்திருக்கும். சீருடை என்றால் சீருடைதான்.

கோட்டைவாசல்: வழக்கத்தில் இல்லாத ஒன்றை எதற்காகத் தடைசெய்ய வேண்டும்? அந்தக் குறிக்காக மனிதர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். பொம்மையின் நெற்றியிலிருந்தும் அதைத் துடைக்கச் சொல்லாதீர்கள்.

மூத்ததூரிகை: 28 மி.மீ. உருவத்தில் மூன்று கோடு எப்படியும் தெளிவாக வராது. ஒரு கோடு போதும் என்பதுதான் என் கருத்து.

அஸ்தம்பட்டி: தம்பி, பளபளப்பு பூசினீர்களா? என்ன ஆயிற்று?

அஸ்தம்பட்டி: மூன்று நாளாயிற்று. ஒரு வரி எழுதுங்கள்.

மலைப்பாதை: மன்னிக்கவும், சேலத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நண்பகல் வெயிலில் மேட் அடித்தேன். 14 பேர் தெளிந்துவிட்டார்கள். இரண்டு பேருக்குத் தலைப்பாகை மடிப்பில் இன்னும் வெளுப்பு, பின்வரிசையில் நிறுத்தினேன். திருநீற்றை அழிக்கவில்லை. நன்றி அண்ணா.