பிரிவியூ ஷோவுக்கு அம்மாவைக் கூட்டிப் போகிறேன், நாவலில் இருப்பதைப் படத்தில் மாற்றியிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி):

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சைத் தேயிலை எடைக் கணக்கு எழுதுகிறேன். சினிமாவுக்கும் எனக்கும் வேறு தொடர்பு கிடையாது. போன வருடம் எங்கள் லைன் வீடுகள் பக்கம் பதினொரு நாள் ஷூட்டிங் நடந்தது. அந்தப் படம் இப்போது முடிந்துவிட்டதாம். ரிலீசுக்கு முன்னால் எங்கள் தோட்டத்து ஆட்களுக்காகக் குன்னூரில் ஒரு பிரிவியூ ஷோ போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4 மணி. எனக்கும் அம்மாவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. படத்தின் பெயரை எங்கேயும் போடக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் கேட்காதீர்கள்.

படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பத்தின் கதை. எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். அம்மா 1974இல் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர், அப்போது வயது 16. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதனால் நாவலை நான் வாசித்துக் காட்டினேன். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க, கரண்ட் போன ராத்திரிகளில் செல்போன் வெளிச்சத்தில். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். கப்பல் வரும் அத்தியாயத்தில் மட்டும் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நாவலில் ஒரு தகரப் பெட்டி வரும். அந்தக் கரையில் பூட்டியது. கதை முழுக்கக் கட்டிலுக்கடியில் கிடக்கும், யாரும் திறக்க மாட்டார்கள். கடைசி அத்தியாயத்தில் பாட்டி போன பிறகுதான் திறப்பார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு பக்கத்துக்காகவே எழுதிய நாவல் அது. ஆனால் ஷூட்டிங்கில் வேலை செய்த எங்கள் தோட்டத்துப் பையன் சொல்கிறான், படத்தில் ஆரம்பத்திலேயே ராமேஸ்வரம் கஸ்டம்ஸில் வைத்துப் பெட்டியைத் திறந்துவிடுகிறார்களாம்! கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

இதை அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவிடட்டுமா, வேண்டாமா? போவதற்குள் நாவலை இன்னொரு தடவை வாசிப்பது நல்லதா? டைரக்டர் வந்து "எப்படி இருந்தது" என்று கேட்டால் குறையைச் சொல்லலாமா, இல்லை சும்மா தலையாட்டிவிட்டு வருவதுதான் மரியாதையா? பிரிவியூ ஷோ என்றால் என்ன நடக்கும் என்றே எனக்குத் தெரியாது.

பழைய ஆபரேட்டர் (குன்னூர்):

அம்மணி, நான் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்து ஆள். பிரிவியூ பற்றி மட்டும் சொல்கிறேன், நாவல் பற்றி வாத்தியார் யாராவது வந்து சொல்வார்.

முதலில், 4 மணி என்றால் 4 மணிக்கு ஆரம்பிக்கும் என்று நம்பாதீர்கள். இப்போது படம் ஹார்டு டிஸ்க்கில் வரும். டிஸ்க் வந்தால் மட்டும் ஓடாது, அதற்கு கேடிஎம் என்று ஒரு சாவி உண்டு. அது தனியாக மெயிலில் வரும். எந்த தியேட்டரில், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று அதற்குள்ளேயே பூட்டியிருப்பார்கள். ஒரு தடவை இப்படி ஒரு ஸ்பெஷல் ஷோவுக்கு 6 மணிக்கு ஆளெல்லாம் உட்கார்ந்தாயிற்று, சாவியோ 7 மணிக்குத்தான் திறக்கும் என்று இருந்தது. அனுப்பிய ஆள் நேரத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார். போன் போட்டு, மெயில் போட்டு, ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி நேரம் நான் கேபினுக்கும் கேட்டுக்கும் நடந்ததுதான் மிச்சம். அதனால் திரும்பி வர வண்டி பேசிவிட்டுக் கிளம்புங்கள், கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, நீங்கள் பார்ப்பது முழுப் படமாக இல்லாமல் இருக்கலாம். பின்னணி இசை தற்காலிகமாக இருக்கும், கிராஃபிக்ஸ் வராமல் இருக்கும். திரையில் ஒரு மூலையில் மங்கலாக எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். ரீல் கெட்டுவிட்டதோ என்று அம்மா பயந்துவிடப் போகிறார், சொல்லி வையுங்கள்.

போனை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். 2023இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை. அபராதம் 3 லட்சத்திலிருந்து ஆரம்பம். பேத்திக்குக் காட்ட ஒரு நிமிஷம் எடுத்தேன் என்றெல்லாம் சொன்னால் எடுபடாது.

அப்புறம் அம்மாவுக்கு சாக்ஸ் போட்டுக் கூட்டிப் போங்கள். நம் ஊரில் ஏசியை விட சிமெண்டுத் தரைதான் குளிரும்.

கூட்டத்துல ஒருத்தன்:

அக்கா, நானும் இங்கே ரெண்டு மூணு படத்தில் கூட்டத்தோடு நடந்திருக்கிறேன், பிரிவியூவும் பார்த்திருக்கிறேன். பேப்பர் கொடுத்துக் கருத்து எழுதச் சொல்வார்கள். எழுதுங்கள், காசா பணமா. ஆனால் ஒரு ஃபிரேமைக்கூட மாற்ற மாட்டார்கள். "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டு பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பஜ்ஜி கட்டாயம் இருக்கும்.

ஊட்டி வாத்தியார்:

ஆபரேட்டர் ஐயா என்னைத்தான் கூப்பிட்டார் போல.

சகோதரி, நாவலைத் திரும்ப வாசிக்காதீர்கள். நேற்று வாசித்த வரி காதில் ஒலித்துக்கொண்டே இருந்தால் கண் திரையில் நிற்காது. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஆகிவிடும், எனக்கு அந்த வியாதி உண்டு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை வாசித்துவிட்டு மகேந்திரனின் 'உதிரிப்பூக்க'ளைப் பாருங்கள். கதையில் அப்பா கல்லூரிப் பேராசிரியர், படத்தில் ஊரே வெறுக்கும் கிராமத்து மனிதர். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் 1979இல் வந்த அந்தப் படத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இன்னொன்று, நம் மலையிலேயே நடந்தது. ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலில் ஊர் கங்கைக் கரையில். 1984இல் டேவிட் லீன் அதைப் படமாக்கியபோது குகைக்குப் போகும் ரயில் நம் மேட்டுப்பாளையம் மலை ரயில் ஆகிவிட்டது. வடக்கே சமவெளியில் பல் சக்கர ரயில் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நான் கேட்கவில்லை. ரயிலைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டேன்.

பெட்டி விஷயத்தை அம்மாவிடம் சொல்லாதீர்கள். 1964 ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது 5,25,000 பேரை. அந்தக் கணக்கில் ஒரு ஆள் உங்கள் அம்மா. எழுதியவர், படம் எடுத்தவர் இருவரையும் விட அவருக்குத்தான் அதில் அதிகாரம். அவர் என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுங்கள்.

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி):

நன்றிங்க. வேன் பேசியாகிவிட்டது, பத்துப் பேர் சேர்ந்து போகிறோம். சாக்ஸ் போட மாட்டேன் என்கிறார். மீதியை வந்து சொல்கிறேன்.

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி):

போய்விட்டு வந்தோம். நாலு நாளாகிவிட்டது, ஃபேக்டரியில் இலை வரத்து அதிகம், உட்கார நேரமில்லை.

படம் 4:40க்கு ஆரம்பித்தது. வாசலில் எல்லார் போனிலும் கேமரா மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அம்மாவின் பட்டன் போனில் கேமரா எங்கே என்று அந்தப் பெண் திருப்பித் திருப்பித் தேடி, கடைசியில் டார்ச் மேல் ஒட்டிவிட்டாள். சாக்ஸ் போட்டுக்கொண்டார், வேனிலேயே, குளிர் ஏறியதும்.

ஆபரேட்டர் ஐயா சொன்னது அப்படியே நடந்தது. கப்பல் சீனில் கப்பல் இருக்கிறது, கடல் இல்லை! கம்பிக்கு அப்பால் வெறும் பச்சைத் துணி. ஜனங்கள் பச்சைத் துணியைப் பார்த்து அழுகிறார்கள். எங்கள் வரிசையில் சிலர் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. "கடலத்தான் நானும் பாக்கல, வாந்தி எடுத்துட்டுக் குனிஞ்சே கெடந்தேன்" என்றார்.

அப்புறம் கஸ்டம்ஸ். நான் உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நீள மேஜை, மேலே ஒரு குண்டு பல்பு, வரிசை. அதிகாரி பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்கிறார். ஒரு கூறைப்புடவை, சட்டம் போட்ட போட்டோ, இரண்டு பித்தளை டம்ளர், துணியில் முடிந்த ஏதோ விதை. பேச்சே இல்லை, டம்ளரை வைக்கிற சத்தம் மட்டும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "இப்படித்தான். எல்லாரும் பாக்கப் பாக்க."

நான் குனிந்து, "புத்தகத்துல இங்க தொறக்க மாட்டாங்கல்லம்மா" என்றேன்.

"அதை எழுதுனவரு வரிசையில நின்னிருக்க மாட்டாரு" என்றார். சத்தமாகவே சொல்லிவிட்டார். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தப் பக்கம் வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்கிற இடங்கள் எல்லாம் சட்டென்று போய்விட்டன. நாவலில் அதற்கு நூறு பக்கம் உண்டு, படத்தில் ஒரு பாட்டு. எனக்கு அது குறைதான், இப்போதும் சொல்வேன். அந்தப் பாட்டில் கதாநாயகி கொழுந்து பறிப்பாள். அம்மா முதலில் "நகத்தால கிள்ளுது பாரு" என்றார். ரெண்டு இலை ஒரு மொட்டு விரலுக்குள் வந்ததும் ஒடித்து எடுக்க வேண்டும், நகம் பட்டால் காம்பு கறுத்துப்போகும் என்பது அவர் சட்டம். அடுத்து கையை கிளோசப்பில் காட்டினார்கள். அதன் பிறகு படம் முடியும்வரை அம்மா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பஜ்ஜி இருந்தது தம்பி. வாழைக்காய்.

டைரக்டர் வந்தார், சின்ன வயதுதான். கருத்து எழுத ஒரு காகிதம், ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போட்டு. அம்மா நட்சத்திரத்தைத் தொடவில்லை. நேராக அவரைக் கூப்பிட்டு, தன் வலது கையை விரித்து நீட்டினார். அம்மா வேலையிலிருந்து நின்று ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கீறல் கீறலாகக் கறுப்பு ஓடும், நகக்கண்ணில் பழுப்பு. "எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சாலும் போவாது கண்ணு. உங்க பொண்ணு கை பாப்பாத்தி கையாட்டம் இருக்கு. மத்ததெல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கே" என்றார். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரை அழைத்துக் காட்டினார். "திரும்ப ஷூட் பண்ண முடியாதும்மா, கலர் பண்ணும்போது ஏதாவது செய்ய முடியுதான்னு பாக்கறேன்" என்றார். செய்வாரோ என்னவோ. குறையைச் சொல்லலாமா என்று உங்களைக் கேட்டவள் நான். வாயைத் திறக்காமல் நின்றவளும் நான்தான்.

வேனில் வரும்போதுதான் கேட்டேன், நம் பெட்டியிலிருந்து என்னம்மா எடுத்தார்கள் என்று. இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை. "கொழவி" என்றார்.

அம்மிக்குழவி. என் பாட்டி அதைப் புடவையில் சுற்றித் துணிகளுக்கு நடுவில் வைத்திருந்தாராம். பெட்டி ஏன் இந்தக் கனம் கனக்கிறது, தங்கமா என்று அதிகாரிக்குச் சந்தேகம். பிரித்தால் கல். "ஏம்மா, இந்தியாவுல கல்லு கெடைக்காதுன்னா தூக்கிட்டு வந்தே" என்று கேட்டாராம், வரிசையே சிரித்ததாம். பாட்டிக்கு வந்த கோபத்துக்கு, "அம்மியத் தூக்க முடியலங்க, இதையாச்சும் விடுங்க" என்று சொன்னாராம். அம்மா அவமானத்தில் மண்டபம் முகாம் போகிறவரை பாட்டியோடு பேசவில்லையாம்.

எங்கள் வீட்டு அம்மி குன்னூர்ச் சந்தையில் வாங்கியது. குழவி அதைவிடக் கொஞ்சம் நீளம். அரைக்கும்போது இந்த ஓரம் அந்த ஓரம் இடிக்கும், விரல் நசுங்கும். சின்ன வயதிலிருந்து நான் திட்டிக்கொண்டே சட்னி அரைத்தது அந்தக் கல்லில்தான். அளவு பார்த்து வாங்கத் தெரியாத குடும்பம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

கூட்டத்துல ஒருத்தன்:

கலர்ல பாக்கறேன்னு சொன்னாரா! சரிக்கா, நான் சொன்னதை பாதி வாபஸ் வாங்கிக்கறேன். பாதிதான்.

ஊட்டி வாத்தியார்:

அந்தக் குழவி நாவலிலும் இல்லை, படத்திலும் இல்லை. நீங்கள் எழுதுங்கள் சகோதரி, கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஆபரேட்டர் (குன்னூர்):

சாவி சரியாகத் திறந்ததே, அதுவே பெரிய விஷயம். ரிலீஸ் அன்று கடல் வந்துவிடும், அம்மாவை இன்னொரு தடவை கூட்டிப் போங்கள்.

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி):

கேட்டேன் ஐயா. கடல் வேண்டாமாம். அந்தப் பொண்ணு கையைக் கழுவிவிட்டார்களா, கறை வைத்தார்களா என்று பார்க்க மட்டும் வருகிறாராம்.