நிலவில் ஜிபிஎஸ்: கடிகாரப் பிழையைப் பிரிப்பது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். புளூ கோஸ்ட் என்ற நிலவுக் கலத்தில் சென்ற லுக்ரே என்ற வழிகாட்டல் சமிக்ஞை வாங்கும் கருவி, 2025 மார்ச்சில் நிலவின் தரையிலிருந்தே ஜிபிஎஸ் சமிக்ஞைகளையும், ஐரோப்பாவின் ஜிபிஎஸ் போன்ற அமைப்பான கலிலியோவின் சமிக்ஞைகளையும் பிடித்தது. அதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைகிறது.

அங்கிருந்து பார்த்தால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அத்தனையும் பூமியைச் சுற்றி ஏறத்தாழ எட்டு டிகிரிக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. சமிக்ஞை வந்துசேரும் நேரத்தைக் கொண்டே தொலைவைக் கணக்கிடுகிறோம்; எல்லாம் ஒரே திசையிலிருந்து வருவதால் தொலைவுப் பிழையும் கடிகாரப் பிழையும் பின்னிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, நிலவில் கடிகாரம் பூமியில் இருப்பதைவிட நாளொன்றுக்குச் சுமார் 56 மைக்ரோவிநாடி வேகமாக ஓடுகிறது. ஒளி அந்த நேரத்துக்குள் 17 கிலோமீட்டர் போய்விடும்!

கலத்திலேயே நல்ல அணுக்கடிகாரம் இருந்தால் எவ்வளவு கைகொடுக்கும்? கால்மன் வடிகட்டியால் (பிழை கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை மதிப்பைப் படிப்படியாகக் கணிக்கும் கணித முறை) அந்த இரு பிழைகளையும் பிரிக்க முடியுமா? கல்லூரி மாணவர்களுக்காக இதைத் தமிழில் பாடமாக எழுதிவருகிறேன். சுற்றுப்பாதைக் கணிப்பில் பழக்கமுள்ளவர்கள் ஓர் எளிய கணக்கோடு விளக்கினால் பேருதவியாக இருக்கும்.