நைட்ரஜன் 300-இல் நிறுத்தினோம், காலையில் 286. லீக்கா, என் கணக்கு தப்பா?

வண்ணாரப்பேட்டை டிரெய்னி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஐ.டி.ஐ.யில் எம்.ஆர்.ஏ.சி. (ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக் படிப்பு) இரண்டாம் வருடம் படிக்கிறேன். லீவு நாளில் ஒரு மெக்கானிக் அண்ணனோடு வேலைக்குப் போவேன். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, பழைய 2 டன் ஸ்பிளிட் ஏ.சி., குளிர்விக்கும் கேஸ் ஆர்-22. அவுட்டோரை மொட்டை மாடிக்கு ஏற்றி, காப்பர் பைப் புதிதாக இழுத்தோம். கேஸ் முன்பே போயிருந்ததால் லீக் இருக்கிறதா என்று பார்க்க வால்வைத் திறந்து முழு லைனுக்கும் நைட்ரஜன் ஏற்றினோம். நேற்று மதியம் 3 மணிக்கு 300 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவில் நிறுத்தினோம். இன்று காலை 6 மணிக்கு நான்தான் போய்ப் பார்த்தேன். முள் 286.

போனில் சொன்னதுமே அண்ணன், "லீக்தான், பிரேசிங் எல்லாவற்றையும் திரும்பச் செய்யணும்" என்றார். பைப் ஜாயிண்டுகளைச் சூடாக்கி ஒட்டும் அந்த பிரேசிங்கைப் போட்டது நான். எனக்குக் கை கால் ஓடவில்லை.

வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. சூடு குறைந்தால் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். நேற்று மதியம் அவுட்டோர் பக்கத்துப் பைப்பில் தெர்மாமீட்டர் 42 டிகிரி காட்டியது, இன்று காலை 28. அதனால் 300 × 28 ÷ 42 = 200. அதாவது முள் 200-க்கு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் 286 இருக்கிறது. லீக் என்றால் கணக்கைவிடக் குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கே 86 கூடுதலாக இருக்கிறது. யாராவது விளக்குங்கள்.

கொருக்குப்பேட்டை சர்வீஸ்:

தம்பி, முதலில் டார்ச்சைக் கையில் எடுக்காதே. ஜாயிண்டைத் திரும்பச் சூடு காட்டுவது கடைசி வேலை. ஹோஸ் வாஷர், வால்வு பின், ஃபிளேர் நட் எல்லாவற்றிலும் சோப்பு நுரை போட்டுப் பார்த்தாயா? எனக்குத் தெரிந்து பாதி "லீக்" கேஜை இணைக்கும் மேனிஃபோல்டு ஹோஸிலேயே இருக்கும். இன்னொன்று, சிவப்பு கேஜில் ஒரு கோட்டுக்கு 5 பி.எஸ்.ஐ. இருக்கும். 286 என்று எப்படிப் படித்தாய்?

வண்ணாரப்பேட்டை டிரெய்னி:

285 கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது அண்ணா, அதான் 286 என்று எழுதிவிட்டேன். நுரை எல்லா இடத்திலும் போட்டேன், ஒரு குமிழிகூட வரவில்லை.

பெரம்பூர் கணக்கு அக்கா:

நான் ஒர்க் ஷாப் கால்குலேஷன் பாடம் எடுக்கிறவள். தம்பி நினைத்த விதி சரி, எண்களை எடுத்த இடம்தான் தப்பு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு தப்பு.

வீட்டில் தண்ணீர் டிரம் இருக்கிறது அல்லவா? டேப்பை அடியிலிருந்து ஒரு சாண் மேலே போட்டிருப்பார்கள். டேப்புக்கு மேலே உள்ள தண்ணீரை மட்டும் அளந்து, "நேற்று 2 சாண், இன்று 1 சாண், டிரம்மில் தண்ணீர் பாதியாகிவிட்டது" என்று சொன்னால் சரியா? அடியில் ஒரு சாண் தண்ணீர் அப்படியே நிற்கிறது. நிஜத்தில் 3 சாண் இருந்தது 2 சாண் ஆகியிருக்கிறது. பாதியாகவில்லை, மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. எவ்வளவு குறைந்தது என்று கழித்துச் சொல்ல எங்கிருந்து அளந்தாலும் சரி, விடை ஒரு சாண்தான். எத்தனை பங்கு என்று வகுக்கப் போனால் மட்டும் அடியிலிருந்துதான் அளக்க வேண்டும்.

உன் தெர்மாமீட்டரும் கேஜும் இரண்டுமே டேப்பிலிருந்து அளக்கிறவை. செல்சியஸில் 0 என்பது ஐஸ் உருகும் இடம், அவ்வளவுதான். அங்கே நைட்ரஜன் மூலக்கூறுகள் ஓட்டத்தை நிறுத்திவிடுவதில்லை. உண்மையான அடி அதற்கு 273 டிகிரி கீழே இருக்கிறது. அதனால் 273 கூட்டிக் கெல்வினாக்கு: 42 என்பது 315, 28 என்பது 301.

கேஜிலும் அதே கதை. ஹோஸைக் கழற்றித் திறந்து வைத்தால் முள் 0 காட்டும். அந்த நேரத்திலும் நம்மைச் சுற்றியுள்ள காற்று 14.7 பி.எஸ்.ஐ. அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. கடலை ஒட்டிய ஊர் என்பதால் நமக்கு அந்த எண் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஆக 300 என்பது உண்மையில் 314.7.

இப்போது போடு:

314.7 × 301 ÷ 315 = 300.7
இதில் காற்றின் 14.7-ஐக் கழித்தால் 286.

உன் முள் நின்ற இடம் எது?

வண்ணாரப்பேட்டை டிரெய்னி:

அக்கா!! 286!! அப்படியானால் லீக்கே இல்லையா? அண்ணனிடம் சொல்லிவிடட்டுமா?

திருவொற்றியூர் பெரியவர்:

கொஞ்சம் பொறு. டீச்சரம்மா கணக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இவ்வளவு அச்சாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கிறது. 42 டிகிரி என்பது வெயிலில் கிடந்த அவுட்டோர் பக்கம். கடைக்குள் இருக்கும் இண்டோர் காயில் அவ்வளவு சூடாக இருந்திருக்காது. முழு லைனுக்கும் ஒரே வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டது ஒரு வசதிக்காகத்தான். கேஜும் 5-க்கு ஒரு கோடு. 2, 3 பி.எஸ்.ஐ. லீக் இதற்குள் ஒளிந்துகொள்ளலாம்.

நான் செய்வது இதுதான். அதே மதியம் 3 மணிக்குத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். வெயில் ஏறி, பைப் பழைய சூட்டுக்கு வரும்போது முள்ளும் பழைய இடத்துக்கு ஏற வேண்டும். லீக்கானது திரும்பி வராது, சூட்டில் குறைந்தது திரும்பி வரும். அடுத்த முறை நைட்ரஜன் ஏற்றியதும் உடனே எழுதாதே, கால் மணி நேரம் விட்டு எழுது. பக்கத்திலேயே பைப் வெப்பநிலையையும் எழுது. இந்த முறை எழுதியிருந்தாய், அதனால்தான் கணக்குப் போடவே முடிந்தது. பல சீனியர்கள் செய்யாத வேலை அது.

சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, படிக்கிற பையன்கள் வருகிற இடம் என்பதால் சொல்கிறேன். நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று ஆக்சிஜன் சிலிண்டரைப் போட்டு டெஸ்ட் செய்யவே கூடாது. கம்ப்ரஸர் ஆயிலும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜனையும் ரெகுலேட்டர் இல்லாமல் ஏற்றக் கூடாது. நிரம்பிய சிலிண்டருக்குள் 150 பார் அளவுக்கு, அதாவது 2000 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும்.

வண்ணாரப்பேட்டை டிரெய்னி:

மதியம் 3 மணிக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் கொஞ்சம் மந்தம், பைப் 39 டிகிரிதான். மேலே ஏறுவதற்கு முன்பே காகிதத்தில் போட்டு அண்ணன் கையில் கொடுத்தேன்: 314.7 × 312 ÷ 315 = 311.7, கழித்தால் 297. முள் 295-க்கும் 300-க்கும் நடுவில் நின்றது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கேஜையே பார்த்துவிட்டு, "டீ சாப்பிடலாம் வா" என்றார்.

ஒரு சந்தேகம். ஏ.சி. கேஸ் சிலிண்டருக்கும் இதே கணக்குதானா? வெயிலில் வைத்தால் இவ்வளவுதான் ஏறுமா?

கொருக்குப்பேட்டை சர்வீஸ்:

இல்லை, இல்லை. இதில் ஏமாந்துவிடாதே. நைட்ரஜன் நம் லைனுக்குள் எப்போதும் வெறும் வாயு. ஆர்-22 சிலிண்டருக்குள் அடியில் லிக்விட், மேலே வாயு. சூடு ஏறினால் லிக்விட் கொதித்து மேலும் மேலும் வாயுவாகும், அதனால் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். 28 டிகிரியில் சுமார் 150 பி.எஸ்.ஐ. இருக்கிற சிலிண்டர் 42 டிகிரியில் 220-ஐ நெருங்கும். உன் விகிதக் கணக்குப்படி 158-தான் வரும். வித்தியாசத்தைப் பார். லிக்விட் ஒரு சொட்டு இருந்தாலும் கணக்கை மூடிவிட்டு பி.டி. சார்ட்டை (எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு அழுத்தம் என்ற அட்டவணை) எடு. சிலிண்டரை நிழலில் வை.

ஓட்டேரி ஃபர்ஸ்ட் இயர்:

அண்ணா, இதே மாதிரி எனக்கும் ஒன்று. ஆர்-22 மெஷின், சக்ஷன் (கம்ப்ரஸருக்குள் போகும் பக்கம்) 70 பி.எஸ்.ஐ. சார்ட்டில் 41 ஃபாரன்ஹீட். சக்ஷன் பைப் 53 ஃபாரன்ஹீட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது சூப்பர்ஹீட், 12. அதைச் செல்சியஸில் எழுதச் சொன்னார்கள். 32 கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தேன். மைனஸ் 11 வருகிறது. சூப்பர்ஹீட் மைனஸ் என்றால் லிக்விட் கம்ப்ரஸருக்குப் போகிறது என்றுதானே அர்த்தம்? மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது.

பெரம்பூர் கணக்கு அக்கா:

வருடா வருடம் பாதி வகுப்பு விழுகிற குழி இது. 12 என்பது ஒரு வெப்பநிலை இல்லை, இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவில் உள்ள தூரம். 32 என்பது இரண்டு அளவுகோல்களும் வேறு வேறு இடத்தில் 0 போட்டுக்கொண்டதால் வந்த வித்தியாசம். கழிக்கும்போதே அது அடிபட்டுப் போய்விட்டது. திரும்ப ஏன் கழிக்கிறாய்? 12 × 5 ÷ 9 = 6.7, அவ்வளவுதான். நம்பிக்கை வரவில்லை என்றால் தனித்தனியாக மாற்றிப் பார்: 53 ஃபாரன்ஹீட் என்பது 11.7 செல்சியஸ், 41 என்பது 5. கழித்தால் 6.7.

டிரம் கதைதான் இதுவும். தூரம் என்றால் 0 எங்கே இருந்தாலும் கவலையில்லை. கம்ப்ரஷன் ரேஷியோ என்று ஒன்று வரும், அது கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் (டிஸ்சார்ஜ்) அழுத்தத்தை உள்ளே போகும் (சக்ஷன்) அழுத்தத்தால் வகுத்தல். டிஸ்சார்ஜ் 250, சக்ஷன் 70 என்றால் 250-ஐ 70-ஆல் வகுத்து 3.6 என்று எழுதிவிட்டு வராதீர்கள். இரண்டிலும் 14.7 கூட்டி வகுத்தால் 3.1.

வண்ணாரப்பேட்டை டிரெய்னி:

இவ்வளவு ஆன பிறகு இதையும் கேட்டுவிடுகிறேன். ஏ.சி.யில் 1 டன் என்பது 3.517 கிலோவாட் என்று புத்தகத்தில் இருக்கிறது. 0 டிகிரி ஐஸ் ஒரு டன் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பம் இழுக்குமோ அதுதான் 1 டன் என்றார்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல், ஒரு நாளில் 86,400 வினாடி; 1000 கிலோ × 334 ÷ 86,400 = 3.87 வருகிறது. இங்கேயும் 0 தப்பா?

காசிமேடு ஐஸ் பிளாண்ட்:

இங்கே 0 தப்பில்லை தம்பி, டன் தப்பு. அது அமெரிக்க டன். 2000 பவுண்டு, நம் கணக்கில் 907 கிலோ. அதை வைத்துப் போட்டால் 3.51 வரும். ஒரு பவுண்டு ஐஸ் உருக 144 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று எடுத்துக்கொண்டார்கள், 144 × 2000 ÷ 24 = 12,000. ஏ.சி. கடைக்காரர் சொல்கிற 12,000 பி.டி.யு. அங்கிருந்துதான் வருகிறது. அதைக் கிலோவாட்டாக்கினால்தான் உன் புத்தகத்து 3.517.

அந்தக் காலத்தில் ஐஸ் வியாபாரமே அமெரிக்காக்காரன் கையில்தான். அங்கே உறைந்த ஏரியில் வெட்டி, கப்பலில் மரத்தூள் போட்டு, நம் ஊருக்கே கொண்டுவந்து விற்றான். அதை வைக்க 1842-இல் கட்டிய கட்டடம்தான் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ். இப்போது விவேகானந்தர் இல்லம்.

எங்கள் தொழிலில் இந்த டன் படுத்துகிற பாடு தனி. துறைமுகத்துப் படகுகளுக்கு நாளைக்கு ஒரு டன் ஐஸ் வேண்டும், ஒரு டன் மெஷின் போதுமா என்று புதிதாக வருகிற முதலாளிகள் கேட்பார்கள். போதாது. தண்ணீர் 30 டிகிரியில் வருகிறது. அதை 0-க்கு இறக்கவே கிலோவுக்கு 126 கிலோஜூல் எடுக்க வேண்டும், அப்புறம் உறைய வைக்க 334. மொத்தம் 460. நம் ஊர் டன் 1000 கிலோவுக்கு 5.3 கிலோவாட், அதாவது ஒன்றரை டன். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வெளியிலிருந்து இறங்குகிற சூடு, ஐஸைக் கேனிலிருந்து பிரிக்கும்போது வீணாவது எல்லாம் அதற்கு மேல்.

வண்ணாரப்பேட்டை டிரெய்னி:

எல்லோருக்கும் நன்றி. இன்று நைட்ரஜனை வெளியே விட்டுவிட்டு வேக்யூம் பம்ப் போட்டோம். இப்போது நீலக் கேஜ் 0-க்குக் கீழே போய் 30 காட்டுகிறது. அடியில் இருப்பதே 14.7 என்றால் 30 எப்படிக் கீழே போகும்?

திருவொற்றியூர் பெரியவர்:

0-க்குக் கீழே அந்தக் கேஜில் அலகு மாறிவிடும். அது பி.எஸ்.ஐ. இல்லை, பாதரச அங்குலம். 29.92 அங்குலமும் 14.7 பி.எஸ்.ஐ.யும் ஒன்றுதான். முள் 30-ஐத் தொட்டதும் பம்பை நிறுத்திவிடாதே. உள்ளே ஈரம் இருக்கிறதா என்று அந்த முள்ளுக்குத் தெரியாது. யாரிடமாவது மைக்ரான் கேஜ் (மிகக் குறைந்த அழுத்தத்தை மைக்ரான் கணக்கில் அளப்பது) வாங்கிப் போடு. 500-க்குக் கீழே இறங்கி, பம்பை மூடிய பிறகும் ஏறாமல் நிற்க வேண்டும். அதுவரை ஓடட்டும்.