சலோமியை ஆடாதவளாக வரையலாமா?

கேள்வி (குன்னூர்)
ஆகஸ்ட் 29, திருமுழுக்கு யோவானின் பாடுகள் நினைவு நாளையொட்டி எங்கள் பங்கு மண்டபத்தில் வைப்பதற்காக, ஏரோது அரசனின் விருந்தில் ஆடி யோவானின் தலையைத் தட்டில் கேட்டுப் பெற்ற சலோமியை வரைந்து வருகிறேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பெண்ணாக, நூல் பிரிந்த ஸ்வெட்டரும் ரப்பர் செருப்புமாக, கையில் எவர்சில்வர் தட்டோடு நிற்கிறாள். பார்த்தவர்கள் சிலர், மோகம் இல்லாமல் சலோமி ஏது என்று கேட்கிறார்கள். நவீன ஓவியம் என்ற பெயரில் வேதத்தை மீறுகிறேனா?

பதில் 1 (கோத்தகிரி)
மீறவில்லை, ஐயா. மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை; பெயரைத் தருபவர் யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ். ஆட்டத்தில் மயங்கிப் பாதி அரசையே தருவதாக ஆணையிடுபவன் ஏரோது, யோவானைப் பழி தீர்க்கக் காத்திருப்பவள் அவன் மனைவியும் அவள் தாயுமான ஏரோதியாள். அந்த மோகத்தையும் வஞ்சத்தையும் சிறுமியின் தலையில் ஏற்றி, அவளே யோவானை விரும்பியதாகக் காட்டியவர்களில் முதன்மையானவர் ‘சலோமி’ நாடகம் எழுதிய ஆஸ்கர் வைல்டு. அவள் ஆடியதாகச் சொல்லப்படும் ‘ஏழு திரை நடன’த்துக்குப் பெயர் கொடுத்ததும் அவர் நாடகம்தான். 1905இல் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இசை நாடகம் அதை ஊரறியச் செய்தது.

பதில் 2 (கொடைக்கானல்)
பாதிதான் ஒப்புக்கொள்வேன். மாற்குவில் தாய் கேட்கச் சொல்வது தலையை மட்டுமே. ‘இப்பொழுதே’ என்பதையும் தட்டையும் சேர்ப்பவள் மகள். ஆகவே அவளை ஒன்றும் அறியாதவளாக ஆக்கிவிடாதீர்கள். ஓவிய மரபில் தட்டு சலோமிக்கு; வாள், பகைத் தளபதி ஒலோபெர்னின் தலையை வெட்டித் தன் ஊரைக் காத்த யூதித்துக்கு. ஆனாலும் ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் 1901இல் வரைந்த யூதித்தை, படச் சட்டகத்திலேயே பெயர் பொறித்திருந்தும், பலர் சலோமி என்றே அழைத்தார்கள். ஊரைக் காத்தவளையும் காமக் கண்ணோடு பார்த்துப் பழகியதன் விளைவு அது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1990இல் தாமே யூதித்தாக வேடமிட்டு, முகமூடி போன்ற பொய்த் தலையைக் கையில் பிடித்துப் படமெடுத்து அந்தப் பார்வையைக் கேலிக்குள்ளாக்கினார். அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி 2012இல் நியூயார்க் தெருவில் கண்ட கறுப்பினப் பெண்ணை யூதித்தாக்கி, அவள் கையில் வெள்ளைப் பெண்ணின் தலையைக் கொடுத்தார். அங்கே கதை மோகத்திலிருந்து அதிகாரத்துக்கு நகர்கிறது.

பதில் 3 (கூடலூர்)
வைலியின் யூதித்து வென்றவள். உங்கள் சலோமியோ பிறர் ஏவலில் கொலைக்குத் துணைபோனவள். லைன் வீட்டுப் பெண்ணைத் தனியாக நிறுத்தினால் பழி முழுவதும் அவள்மேல்தான் விழும். ஏரோதின் விருந்தில் பெருங்குடி மக்களும் படைத்தலைவர்களும் இருந்தார்கள். தோட்டத்து பங்களாவும் அதன் விருந்தினரும் படத்தில் இருக்க வேண்டாமா?

கேட்டவர் (குன்னூர்)
இடப்பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அங்கே பங்களா வராந்தாவையும் விருந்தினரையும் கொண்டுவருகிறேன். தட்டை மட்டும் அவள் கையிலிருந்து எடுக்கப்போவதில்லை.