எட்டு நாளாக மலம் கழிக்காமல் மிதக்கும் ஆக்சலோட்டல்

கேள்வி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கூரை வீட்டில் குடியிருக்கிறோம். என் மகள் பத்து மாதங்களாக ஓர் ஆக்சலோட்டலை, அதாவது தவளையைப் போல இருவாழ்வி இனத்தைச் சேர்ந்த, நீரிலேயே வாழும் சிற்றுயிரை, வளர்த்து வருகிறாள். இப்போது அது 18 சென்டிமீட்டர் நீளம் இருக்கிறது. நான்கு நாள்களாக அதன் பின்பகுதி மேலே தூக்கிக்கொண்டு, தலை கீழே சாய்ந்தபடி மிதக்கிறது. அடித்தரைக்குப் போகக் கால்களை உதைத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் மறுபடியும் மேலே வந்துவிடுகிறது. எட்டு நாளாக மலம் கழிக்கவில்லை. நேற்றிலிருந்து உணவையும் தொடவில்லை. தொட்டியின் அடியில் சிறிய நிறக் கூழாங்கற்களைப் போட்டிருக்கிறோம். நண்பகலில் நீர் 28 டிகிரி வரை சூடாகிறது. வயிற்றை மெல்ல நீவிவிட்டு, நீரில் உப்பும் போடுமாறு விற்றவர் கூறினார். அப்படிச் செய்யலாமா? மகள் இரவில் எழுந்து எழுந்து தொட்டியைப் பார்க்கிறாள்.

முதல் பதில், தாப்பாவிலிருந்து:

வணக்கம் அம்மா. வயிற்றை நீவ வேண்டாம். உள்ளே கல் இருந்தால் குடல் கிழியக்கூடும். உப்பும் வேண்டாம்; அதன் மெல்லிய தோல் ஏற்கெனவே வெப்பத்தால் நலிந்திருக்கும்.

ஆக்சலோட்டல் காற்றை விழுங்க அவ்வப்போது மேலே வரும்; சிறிது நேரம் மிதந்துவிட்டுத் தானே இறங்கினால் கவலையில்லை. உங்களுடையது இறங்க முயன்றும் முடியாமல் தவிக்கிறது என்பதால், குடலில் வாயுவோ அடைப்போ இருக்கிறது என்றே கருத வேண்டும். அது இரையைக் கடித்து மெல்லுவதில்லை. வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்குவதால், அருகில் கிடக்கும் கல்லும் உள்ளே போய்விடும். தன் தலையைவிடச் சிறிய எந்தக் கல்லையும் அது விழுங்கக்கூடும். ஆகவே கற்கள் அனைத்தையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வெப்பம். அதன் தாயகமான சோச்சிமில்கோ ஏரி மெக்சிகோ நகரில் 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில், நம் பிரிஞ்சாங் மலையுச்சியைவிட உயரத்தில் இருக்கிறது. 16 முதல் 18 டிகிரி நீரே அதற்கு ஏற்றது. 24ஐத் தாண்டினால் உடல் நலியும், உள்ளே கிடக்கும் உணவு புளித்து வாயு சேரும். சிறிய மின்விசிறியை நீர்மட்டத்தின் மீது வீசச் செய்யலாம் என்றாலும், நம் ஊரின் ஈரக் காற்றில் அதனால் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் குறைவதில்லை. இப்போதைக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், குளோரின் நீக்கும் மருந்து கலந்த நீரை, அதன் கால் தரையில் படும் அளவுக்கு மட்டும் ஊற்றி அதில் விடுங்கள். உறைந்த நீர்ப்புட்டியை வெளிப்புறம் அணைத்து, சில மணி நேரத்தில் படிப்படியாகக் குளிர்வியுங்கள். நீரை நாள்தோறும் முழுவதுமாக மாற்றுங்கள். மலம் கழிக்கும்வரை உணவு வேண்டாம். பழைய தொட்டி நீரில், கழிவால் சேரும் நச்சுகளான அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துப் பாருங்கள்; இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் பதில், கோலசிலாங்கூரிலிருந்து:

குளிர்பதனப் பெட்டியில் 5 முதல் 8 டிகிரியில் வைத்தால் மலம் இறங்கும் என்று பலர் சொல்வார்கள். நானும் வைத்தேன். என் ஆக்சலோட்டலின் குடலில் நான்கு கற்கள் சிக்கியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. கடுங்குளிரில் செரிமானமே நின்றுபோகும் என்பதால், கல் அடைத்திருக்கும்போது அங்கே வைத்துவிட்டு நாள்களைக் கடத்துவது தவறு என்று பிறகுதான் புரிந்தது. எக்ஸ்ரே எடுக்கப்போன அன்று மாலையே அது இறந்துவிட்டது. கல் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். அம்மா, தயவுசெய்து நாளைக்கே ஈப்போவில் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர், ஆறு நாள்களுக்குப் பிறகு:

உங்கள் இருவருக்கும் நன்றி. எக்ஸ்ரேயில் இரண்டு கற்கள் தெரிந்தன. அவை முழுவதுமாக அடைக்கவில்லை என்பதால், நீரை 17 டிகிரியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருக்குமாறு மருத்துவர் கூறினார். நான்காம் நாள் கறுத்த மலத்துடன் ஒரு கல் வந்தது, இன்று காலை மற்றொன்றும் வந்துவிட்டது. இப்போது அடித்தரையில் படுத்திருக்கிறது. வால் மட்டும் சற்றுத் தூக்கலாக இருக்கிறது. மகள் தோட்டத்தில் மண்புழு தோண்டிக் கொடுக்கலாமா என்று கேட்கிறாள்.

மூன்றாம் பதில், லூனாஸிலிருந்து:

மண்புழுதான் அதற்கு மிகச் சிறந்த உணவு. ஆனால் செம்பனை வரிசைக்குள் தோண்டிய புழுவைக் கொடுக்காதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020 முதல் தடைசெய்யப்பட்டிருந்தாலும், வேறு களைக்கொல்லிகளைத் தெளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றான கிளைபோசேட்டின் கலவைகள் சில தவளைக் குஞ்சுகளையே கொன்றுவிடும். எருக்குழியில் கிடைக்கும் சிவப்புப் புழுவும் ஆகாது. அந்தப் புழு கசியவிடும் மஞ்சள் நீரின் கசப்பால் ஆக்சலோட்டல் அதைப் பெரும்பாலும் துப்பிவிடும். வீட்டின் பின்புறம் மருந்து படாத வாழைக்கன்றின் அடியில் தோண்டுங்கள். இரண்டு நாள் பொறுத்து, புழுவைக் கழுவி, விரல்நக அளவுத் துண்டு ஒன்றை மட்டும் இடுக்கியால் கொடுங்கள். அது மலமாக வெளியே வந்த பிறகு அடுத்த துண்டைக் கொடுக்கலாம்.