மத்தவங்க எழுத்துப்பிழைய பாத்தா மேல படிக்கவே முடியல, எங்க திருத்தலாம் எங்க விடணும்?

நீலவானம்:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். யாராவது 'சுவற்றில்'னு எழுதினா, 'முயற்சித்தேன்'னு எழுதினா, 'ஒவ்வொரு மாணவர்களும்'னு எழுதினா எனக்கு அதுக்கு மேல படிக்க ஓடல. சொல்ல வந்த விஷயம் எவ்ளோ நல்லா இருந்தாலும் கண்ணு அந்த ஒரு சொல்லுலயே போய் நிக்குது. கிணறு 'கிணற்றில்' ஆகும் சரி, சுவர் 'சுவரில்'தான ஆகணும், நடுவுல ற்று எங்கேருந்து வந்துச்சுன்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. சமீபத்துல சொந்தக்காரங்க வாட்ஸப் க்ரூப்ல ஒரு துக்கச் செய்தி, கீழ வரிசையா எல்லாரும் 'ஆழ்ந்த இறங்கல்'னு போட்டுட்டே வர்றாங்க. இரங்கல்னா வருத்தப்படுறது, இறங்கல்னா கீழ இறங்குறது. சொல்லிடலாமான்னு விரல் துடிச்சுது, அடக்கிக்கிட்டேன். வீட்ல சொன்னா "புரிஞ்சுதுல்ல, விடு"ங்கறாங்க. எனக்கு விட முடியல. மொழி மேல இருக்கற பாசத்தாலதான் இந்த எரிச்சல் வருதுன்னு நம்பறேன், ஆனா ஆளுங்க என்கிட்ட பேசவே தயங்குறாங்களோன்னு இப்ப தோணுது. நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

புள்ளிமெய்:
நான் மெய்ப்பு பாக்குற, அதாவது அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்தற வேலைல இருக்கேன், அதனால நீங்க சொல்றது நல்லாவே புரியுது. ஆனா எல்லாப் பிழையும் ஒண்ணு கிடையாதுங்க. 'வேலை கொடுத்தான்'னா உத்தியோகம் கொடுத்தான், 'வேலைக் கொடுத்தான்'னா கைல இருந்த வேல்ங்கற ஆயுதத்த எடுத்துக் கொடுத்தான். 'தந்த பலகை' யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்துல செஞ்சது. ஒரே ஒரு ஒற்று, அர்த்தமே வேற ஆயிடுது. இந்த மாதிரி இடத்துல நான் விடவே மாட்டேன். பதற்றம்னு இருக்க வேண்டியத பதட்டம்னு எழுதறது, கோத்துன்னு வரணும் கோர்த்துன்னு வர்றது, இதெல்லாம் அச்சுக்குப் போற பக்கத்துல திருத்துவேன், ஒருத்தர் சும்மா எழுதின நாலு வரில திருத்த மாட்டேன். அப்புறம் வாழ்த்துகளா வாழ்த்துக்களான்னு ஒரு சண்டை, பூக்கள் பசுக்கள்ல ஒற்று வர்றதப் பத்தி யாருக்கும் சந்தேகம் இல்ல, வாழ்த்துக்கும் எழுத்துக்கும் வரும்போதுதான் படிச்சவங்களே ரெண்டா பிரிஞ்சு நிக்கிறாங்க, அதுல போய் சாதாரண ஆள குத்தம் சொல்றதுல நியாயமே இல்ல.

பாடப்புத்தகம், செய்தி, அரசு அறிவிப்பு இதுலல்லாம் பிழை இருந்தா எழுதிப் போட்டு திருத்தச் சொல்லுங்க. அத பாத்துதான் புள்ளைங்க கத்துக்குது. இரங்கலுக்கு கீழ மட்டும் வேண்டாம். அங்க அவங்க துக்கத்த சொல்ல வந்திருக்காங்க, அந்த நேரத்துல றகரத்த எடுத்துப் பேசறது ரொம்ப பெரிய தப்பு.

கூடல்மாலை:
என் அண்ணி வேற மொழி மீடியத்துல படிச்சவங்க, தமிழ் பேசுவாங்க, எழுத்து மட்டும் கல்யாணத்துக்கு அப்புறம் தானா கூட்டிக் கூட்டி கத்துக்கிட்டது. அவங்க அம்மா தவறின வருஷம் அம்மாவ பத்தி ஃபேஸ்புக்ல ஒரு பெரிய பதிவு எழுதினாங்க, படிச்சுட்டு எனக்கு அழுகையே வந்துச்சு. அதுக்குக் கீழ ஒருத்தர், நல்லாருக்கு இல்லன்னு ஒரு வார்த்தை கிடையாது, எங்கெங்க ண வரணும் எங்கெங்க ன வரணும்னு மட்டும் பட்டியல் போட்டுட்டுப் போனார். அதுக்கப்புறம் அண்ணி எழுதறதெல்லாம் இங்கிலீஷ்லதான். இப்ப சொல்லுங்க, அவர் தமிழ வளத்தாரா?

இன்னொண்ணும் சொல்லணும். வேற ஒரு அக்கா தனியா மெசேஜ் பண்ணி, மூணு சுழி ரெண்டு சுழின்னு குழம்பாத, டண்ணகரம், தந்நகரம், றன்னகரம்னு அந்த எழுத்துகளோட பேரு இருக்கு பாரு, அதுலயே விதி இருக்கு, ட-வுக்கு முன்னாடி ண், த-வுக்கு முன்னாடி ந், ற-வுக்கு முன்னாடி ன்-னு சொல்லிக் கொடுத்தாங்க. வண்டி, பந்து, கன்று. அண்ணிக்கு பாதி குழப்பம் அதோட போச்சு. ரெண்டு பேருமே திருத்தத்தான் செஞ்சாங்க, ஆனா ஒருத்தர நெனச்சா இன்னும் கோவம் வருது.

ஏட்டுச்சுவடி:
நல்ல இழை. நம்ம இலக்கணமே இந்த விஷயத்துல ரொம்ப பெருந்தன்மையானது சகோ. சரியானது வழாநிலை, தப்பானது வழு, அதோட நிக்காம மூணாவதா வழுவமைதின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, தப்புதான் ஆனா காரணம் இருக்கு ஏத்துக்கலாம்னு. பாசத்துல பசுவ பாத்து "என் அம்மா வந்துட்டா"ன்னு சொன்னா திணை மாறிடுது, ஆனா அது வழு இல்ல, திணை வழுவமைதி. 13-ம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் நன்னூல்லயே "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே"ன்னு எழுதிட்டார். வைகாசிங்கற மாசப் பேரே வைசாகில எழுத்து இடம் மாறி வந்ததுதான், இலக்கணத்துல எழுத்து நிலைமாறுதலுக்கு உதாரணமே அதுதான். முன்னாடி குறில் எ, ஒ மேல புள்ளி வெச்சாங்க, வீரமாமுனிவர் 18-ம் நூற்றாண்டுல வந்து நெடிலுக்கு தனி வடிவம் கொடுத்தார். பெரியார் 1935-லயே தன் பத்திரிகைல பயன்படுத்தின, நாம இப்ப எழுதற லை, ணை, றா வடிவங்கள தமிழ்நாடு அரசு 1978-ல ஏத்துக்கிச்சு. அன்னிக்கு பழசுலயே எழுதிப் பழகின கண்ணுக்கு இதெல்லாம் உறுத்தியிருக்கும், இன்னிக்கு நமக்கு அது உறைக்கவே இல்ல.

நீலவானம்:
ஏட்டுச்சுவடி, மதிப்போட மறுக்கறேன். வீரமாமுனிவரும் பெரியாரும் யோசிச்சு, காரணம் சொல்லி மாத்துனாங்க. 'மனமக்கள்'னு பத்திரிகை அடிக்கிறவர் எதையும் மாத்த நினைக்கல, கவனிக்கல, அவ்ளோதான். நன்னூல் வரிய எல்லா கவனக்குறைவுக்கும் கேடயமா புடிக்கறத என்னால ஏத்துக்க முடியல. கூடல்மாலை, உங்க அண்ணி விஷயம் படிச்சு மனசு கனத்துப் போச்சு. நான் அவர் செஞ்சத செய்யக்கூடாதுன்னு இப்ப உறுதியா தெரியுது.

விசைத்தட்டு:
கவனக்குறைவுன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாறுற கீபோர்டுலதான் நிறைய பேர் எழுதறாங்க. பெரும்பாலும் சின்ன l அடிச்சா ல, பெரிய L அடிச்சா ள, அதே மாதிரிதான் ர-ற, ன-ண எல்லாம். ஷிஃப்ட் விட்டுப் போனா பள்ளி பல்லி ஆயிடும், சில கீபோர்டு தானா ஒரு சொல்ல எடுத்துப் போட்டுடும். குரல்ல சொல்லி எழுத வெச்சா இன்னும் மோசம், ஏன்னா பேச்சுல ர-வும் ற-வும் நெறைய பேருக்கு ஒண்ணுதான், ழ-வ ள-வா சொல்ற ஊர்ப் பேச்சும் இருக்கு. 1999-ல தரப்படுத்துன தமிழ்99-ல ல, ள, ழ, ர, ற, ண, ன, ந எல்லாத்துக்கும் தனித்தனி விசை, ஷிஃப்ட் வேண்டியதே இல்ல. உங்க வீட்ல யாராவது பிழையோட எழுதினா திருத்தறதுக்கு பதில் அந்த கீபோர்ட போட்டுக் கொடுங்க, பழக கொஞ்சம் டைம் எடுக்கும், அப்புறம் அந்த ஷிஃப்ட் பிழையே இருக்காது.

நீலவானம்:
இது எனக்குத் தோணவே இல்ல, நன்றி. புள்ளிமெய், ஒரே ஒரு கேள்வி. நெருங்கின நண்பர், எழுதறதுல ஆர்வம் உள்ளவர், அவருக்கு மட்டும் சொல்லணும்னா எப்படி ஆரம்பிப்பீங்க?

புள்ளிமெய்:
முதல்ல "சொல்லவா"ன்னு கேப்பேன். சரின்னு சொன்னாதான். அப்பவும் தனி மெசேஜ்ல, முதல்ல பதிவுல எது புடிச்சுதுன்னு உண்மையா ஒரு வரி, அப்புறம் "ரெண்டாவது பத்தில முயற்சித்தேன்னு இருக்கு, முயன்றேன்னு மாத்திக்கோங்க". ஒரு தடவைக்கு ஒரு பிழைதான், இருக்கறதுலயே அர்த்தத்த அதிகமா கெடுக்கறது எதுவோ அது. விதிய அவங்களா கேட்டா விளக்குவேன்.