புதுப்பிப்பு: மண்டபம் கடற்கரையில் பிபிடி கீகேப், எட்டு மாதம் கழித்து

என் கணினி விசைப்பலகையில் ஏபிஎஸ் கீகேப்பை (விசையின் மேல்மூடி) கழற்றிவிட்டு பிபிடி மாட்டுகிறேன் என்று போன ஆடியில் எழுதியிருந்தேன். இரண்டும் பிளாஸ்டிக் வகைகள். உப்புக்காற்றுக்கு எது தாங்கும் என்று கேட்டிருந்தீர்கள். இப்போது பங்குனி, சொல்கிறேன்.

உப்பு இரண்டு பிளாஸ்டிக்கையும் ஒன்றும் செய்யவில்லை. பளபளப்பு ஏறுவது விரல் உராய்வால்தான். தமிழ்99 விசையமைப்பில் ஓயாமல் தட்டுவது புள்ளி விசை, அதாவது எஃப். பழைய ஏபிஎஸ் எஃப் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, நடுவிலிருந்த மேடும் மழுங்கிவிட்டது. பிபிடியில் அதே விசை இன்னும் ஈர மணலைத் தடவுவது போல் சொரசொரவென்றே இருக்கிறது. எழுத்தும் மங்கவில்லை, தயாரிக்கும்போதே சாயம் சூட்டில் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அந்தச் சூட்டை பிபிடி தாங்கும் (உருகுநிலை சுமார் 220 டிகிரி), ஏபிஎஸ் 105 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும்.

ஸ்பேஸ்பாரில்தான் ஏமாற்றம். பிபிடி அச்சில் வார்த்து ஆறும்போது அதிகம் சுருங்கும், அதனால் நீளமான விசை வளைய வாய்ப்புண்டு. என்னுடையதைக் கண்ணாடி மேல் வைத்தால் ஆடியது. அது ஒன்றுக்கு மட்டும் ஏபிஎஸ்ஸையே திரும்ப மாட்டிவிட்டேன்.

அப்புறம், உப்பு தின்றது ஸ்பேஸ்பாரின் அடியிலிருந்த ஸ்டெபிலைசர் கம்பியை (நீள விசை சாயாமல் சமமாக இறங்க வைப்பது). துரு! தேய்த்துத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் பூசியிருக்கிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் அந்தக் கம்பியைப் பாருங்கள்.